கொடுத்த காரும் கொடாத சாவியும்

கடைசியாக யாருக்கோ ஒரு பொருளைக் கொடுத்தீர்களே, அதை நிஜமாகவே கொடுத்தீர்களா, அல்லது உங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு இடம் மாற்றி வைத்தீர்களா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். முதலில் ஓர் ஆசாமியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். அவரைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாகச் சொல்லுங்கள்.

விடாக்கண்டன், கொடாக்கண்டன் என்று இரண்டு பேரை நம் மொழி என்றைக்கோ கையும் களவுமாகப் பிடித்துப் பெயர் சூட்டிவிட்டது. மூன்றாமவர் மட்டும் எப்படியோ தப்பிவிட்டார். அவர் கொடாக்கண்டன் அல்லர். கேட்பதற்கு முன்பே கொடுப்பார். ஆனால் கொடுத்ததைக் கடைசிவரை விட மாட்டார். நூலகத்துக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பார். பிறகு வாரம் தவறாமல் போய், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்திவைத்து, படித்துக்கொண்டிருப்பவர்களை உலுக்கி மணி சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவார். பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி கொடுப்பார். அதில் யார் உட்காருகிறார்கள், எப்படிச் சாய்கிறார்கள் என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். பேரனின் பழைய சட்டையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாரென்றால், அது மண்ணில் உட்காரும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சை அடைக்கும். கொடுத்தும் விடாக்கண்டர். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் இதுதான்.

இந்த மரத்தில் கிளைகள் பல. நான் பார்த்தவர்களிலேயே உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருப்பவர், பழைய பெரிய காரைத் தர்மத்துக்குக் கொடுத்தவர்.

குழாய்க் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அது எங்கே எழுதியிருக்கிறது என்பது பின்னால் வரும். இப்போதைக்கு வள்ளல் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

அந்தக் காரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காரா அது? சக்கரம் வைத்த வரவேற்பறை. முன்பக்கம் புதுத் தெருவுக்குள் திரும்பிய பிறகும் பின்பக்கம் பழைய தெருவிலேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கும். இருக்கைகளுக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் உறை. டிக்கியில் ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம். ஒரு பூனை நடத்தியும் இருக்கிறது. வாங்கிய காலத்தில் அது தெருமுனையில் தலைகாட்டினால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்களாம். அது அவர் சொல்வது. எழுந்து நின்றவர்கள் வணக்கம் சொல்ல நின்றார்களா, வாசலில் வைத்த சரக்கைக் காப்பாற்ற நின்றார்களா என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பிறகு பிள்ளைகளுக்குச் சிறகு முளைத்துப் பறந்து போனார்கள். கார் மட்டும் போகவில்லை. அதன் ஹாரன் இடப்பக்கம் திரும்பும்போது தானாக அலறும். மற்ற நேரங்களில் அழுத்தினாலும் மௌனவிரதம். பின்பக்க ஜன்னல் ஒன்றை மேலே ஏற்ற ஒரு திருப்புளியும் இரக்க குணமுள்ள ஓர் ஆளும் வேண்டும். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் இளமை சற்றும் குறையவில்லை.

யானையைக் கட்டித் தீனி போட எத்தனை நாள் முடியும்? தெருக்காரர்கள் கூடி, ஓடாத வண்டிகளை அவரவர் அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஓடாத வண்டி அந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது. வள்ளல் மகனுக்குப் போன் செய்தார். மகன் தன் வீட்டில் நிறுத்த இடமில்லை என்றான். மச்சானைக் கேட்டார். மனைவியின் தம்பியான அந்த மச்சான் உடனே தன் முதுகுவலியைப் பற்றி விரிவாகப் பேச ஆரம்பித்தார். கடைசியில் காயலான் கடைக்காரர் வந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்து, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல முஷ்டியால் தட்டிப் பார்த்து, இழுத்துக்கொண்டு போகும் செலவை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டால் யோசிக்கலாம் என்றார்.

அவர் போன பிறகுதான் வள்ளலின் மனைவி வாசல் கதவில் சாய்ந்தபடி அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொன்னார்: "சும்மாவாச்சும் யாருக்காவது குடுத்துத் தொலைங்களேன்."

வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உலகத்துத் தர்மங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இன்னது எனக்குத் தேவை என்று யாரோ கேட்டதைக் காதில் வாங்கி அவர் கொடுக்கப் புறப்படவில்லை. இன்னது நமக்குத் தேவையில்லை என்று மனைவி சொன்னதைக் கேட்டுப் புறப்பட்டார். 'சும்மா' என்ற சொல் 'தானம்' ஆக என்ன வேண்டும்? ஒரு புகைப்படக்காரர் போதும். அன்று மாலையே புகைப்படக்காரரிடம் தேதி கேட்டுவிட்டார். யாருக்குக் கொடுப்பது என்பது அதற்கப்புறம்தான் முடிவாயிற்று.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூரத்திலிருந்து வைத்தியத்துக்கு வரும் ஏழைகள் இலவசமாகத் தங்குகிற விடுதி ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. அதை நடத்துபவர் முன்னாள் நர்ஸ். வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதியில் இருந்தவர்களில் தையல்காரம்மா ஒருத்தி. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்ட பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுத்தால்தான் அவளுக்கு உயிர். மெஷின்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. குறித்த நேரத்துக்கு வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை. விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பஸ் விட வேண்டியவர்கள் விடவில்லை. நியாயம் நடந்து வராத தெருவுக்குத்தான் தர்மம் கார் ஏறி வருகிறது.

என்ன வேண்டும் என்று வள்ளல் கேட்கவில்லை. அக்காவாகத்தான் சொன்னார். "சின்ன வேன் ஒண்ணு இருந்தாப் போதும் சார். பழசா இருந்தாலும் பரவாயில்ல. படி மட்டும் தாழ்வா இருக்கணும், கால் வீங்கினவங்க ஏறணும் பாருங்க."

"சின்னதெல்லாம் எதுக்கும்மா? நான் பெரிசாவே தர்றேன்" என்றார் வள்ளல்.

கொடை விழா தடபுடலாக நடந்தது. தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைச் சாவி ஒன்று, ஓர் ஆள் உயரத்துக்கு. அதன் ஒரு முனையை வள்ளலும் மறுமுனையை அக்காவும் பிடித்துக்கொள்ள, நோயாளிகள் வெயிலில் வரிசையாக நிற்க, வள்ளல் அந்தக் காரின் வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்கினார். காரின் வாலிபப் பருவம் வருவதற்குள் இரண்டு பேருக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முடிவில் எல்லோரும் கைதட்ட, விடுதியின் ஓட்டுநர் ஏறிச் சாவியைத் திருக, கார் இருமியது, அதோடு சரி. விழாவுக்கு வந்த விருந்தினர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் நின்று தள்ளினார்கள். தர்மம் நகர ஆரம்பித்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை முதலில் சொன்னவர் யாராக இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? மாட்டை வாங்கியவர் சொல்லியிருக்க வழியில்லை. பல்லில்லாத மாட்டை விற்க முடியாமல் வைத்திருந்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். நாமும் தலைமுறை தலைமுறையாக அதை நீதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம்.

பெயர் மாற்றத்தை மட்டும் வள்ளல் அன்றே முடித்துக் கொடுத்துவிட்டார். அதில் அவர் கொடாக்கண்டனாக இருக்கவில்லை. வரியும் காப்பீடும் இனி விடுதியின் தலையில் அல்லவா? சாவி விஷயம் வேறு. அட்டைச் சாவியைக் கொடுத்தார். நிஜச் சாவிகள் இரண்டில் ஒன்றைக் கொடுத்தார். இன்னொன்றை ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். யாருடைய ஆத்திரம், எந்த அவசரம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்கத்தான் நேரம் எங்கே இருந்தது? மறுநாளே பெயர் எழுதும் ஆர்ட்டிஸ்டோடு வந்துவிட்டார். பின்பக்கக் கண்ணாடி முழுவதும் பெரிய மஞ்சள் எழுத்தில் முதலில் அவர் பெயர், அடுத்து அவர் பட்டம், கம்பெனியில் வகித்த பதவி, அதற்குக் கீழே 'அவர்களின் அன்பளிப்பு'. இடம் போதாமல் 'பு' மட்டும் டிக்கியில் இறங்கி நின்றது. அன்றிலிருந்து ஓட்டுநருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பின்னால் வருபவர்களுக்கு வள்ளல் நன்றாகத் தெரிவார். வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டுமானால் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை வந்துவிடுவார். விடுதிக் கொட்டகைக்குள் அந்தக் கார் முக்கால்வாசிதான் நுழைந்தது. மிச்சத்தை வெட்டவா முடியும்? அதனால் தெருவிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வள்ளல் காரைப் பார்க்க வந்தார். நோயாளிகளை அல்ல, காரை. வந்ததும் கைக்குட்டையால் அதன் நெற்றியைத் துடைப்பார். டயரைச் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார். ஓட்டுநரை அழைத்து, கியரை வெடுக்கென்று இழுத்தால் அதற்குக் கோபம் வரும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது கொஞ்சம் காத்திருந்தால் அதுவே சம்மதம் கொடுக்கும் என்றெல்லாம் குடும்ப ரகசியம் சொல்வார். ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து தள்ளாடி இறங்கிய தையல்காரம்மாவிடம், "கதவை மெதுவா சாத்தும்மா. இந்த சீட்ல யார் யாரெல்லாம் உக்காந்திருக்காங்க தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். ஒரு பூனை" என்றாள் அவள். உறையில் ஒட்டியிருந்த முடியை அப்போதுதான் சேலையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இது பேச்சானது. வள்ளலின் மனைவி மச்சானிடம் சொல்லிச் சிரித்தார்: "நம்ம பொண்ணைக் கட்டிக் குடுத்தப்பகூட இவர் இத்தனை தடவை போய் எட்டிப் பாக்கலடா. அவளுக்கு இது தெரிஞ்சா வருத்தப்படுவா."

அக்கா சும்மா இருக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் சின்ன வேன் தர ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டு, மரியாதைக்கு வள்ளலிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். வள்ளலின் கண் கலங்கிவிட்டது. "பெத்த பிள்ளையைத் தத்துக் குடுத்தா, நீங்க விக்கப் பாக்கறீங்களேம்மா" என்றார். சட்டப்படி அக்கா விற்றிருக்கலாம். ஆனால் ஊரில் உள்ள வள்ளல்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். ஒருவர் முகம் கோணினால் விடுதி அடுப்பில் பாதி அணைந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களுக்குக் கொடுப்பதில் எவ்வளவு சௌகரியம் பாருங்கள். அக்கா வாயை மூடிக்கொண்டார். வாரத்துக்கு ஒருநாளாவது கார் நடுவழியில் படுத்தது. தையல்காரம்மா ஒவ்வொரு முறையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

இப்போது அந்த ஆத்திர அவசரம் வருகிறது.

ஊரில் வியாபாரிகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று, சிறந்த கொடையாளர் என்று வள்ளலுக்குக் கேடயம் கொடுக்கத் தீர்மானித்தது. செய்தி வந்ததிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. விழாவுக்கு எதில் போவது? மச்சானின் ஸ்கூட்டரிலா? கார் கொடுத்ததற்குக் கேடயம் என்றால், எந்தக் காரைக் கொடுத்தாரோ அதைச் சபை பார்க்க வேண்டாமா? தானம் கொடுத்த காரில் போய் இறங்கி, காரைத் தானம் கொடுத்ததற்குப் பரிசு வாங்குவதில் உள்ள கோளாறு அவர் புத்திக்கு எட்டவேயில்லை. எட்டியிருந்தால் அவர் இந்த இனமே இல்லை. அக்காவைக் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நம்ம வண்டிதானே?

காலையில் விடுதி விழித்துக்கொள்ளும் நேரத்துக்கு முன்பே அத்தானும் மச்சானும் போய், இரண்டாவது சாவியால் கதவைத் திறந்து, அத்தான் ஏறி உட்கார்ந்துகொள்ள, முதுகுவலிக்கார மச்சான் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் தையல்காரம்மா கையில் பையோடு வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஓட்டுநர். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

ஓட்டுநர் உள்ளே ஓடி அக்காவிடம் வண்டி திருட்டுப் போய்விட்டது என்றார். அக்கா வள்ளலுக்குப் போன் செய்தார். விழா நாள் என்பதால் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, போலீசில் சொல்லிவிடும்படி ஓட்டுநரிடம் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே திருடன் மேல் சந்தேகமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காரை வேலை மெனக்கெட்டுத் திருடக்கூடிய திருடன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

தெருவில் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் சின்ன வண்டி ஒன்று நின்றது. காலி கேன்களுக்கு நடுவே தையல்காரம்மாவை ஏற்றி உட்காரவைத்து, விழாமல் அக்கா பிடித்துக்கொண்டார். அவள் உடம்பில் நீர் ஏறிக் கால்கள் தூண் போல இருந்தன. பேசினால் மூச்சு இரைத்தது. ஆனாலும் பேச்சை விடவில்லை. "இந்த வண்டியில நான் ஒருத்திதான்க்கா நிரம்பின கேன். போய் இறக்கிட்டு வந்துருவோம்" என்றாள்.

போனார்கள். அவளுடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். இடம் கிடைத்தால் சொல்வதாகச் சொன்னார்கள். படுக்க முடியாமல், படுத்தால் மூச்சு முட்டுமென்று, நடைபாதை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் காத்திருந்தாள். இந்தப் பத்தியில் நகைச்சுவை எதுவும் இல்லை, மன்னிக்க வேண்டும்.

இதே நேரத்தில் ஊரின் மறுபக்கத்தில் நடந்தது வேறு கதை. காணாமல்போன வண்டிக்கு அடையாளம் என்ன என்று போலீசில் கேட்டபோது, பின்கண்ணாடி முழுக்க ஒருவர் பெயர் எழுதியிருக்கும், இடப்பக்கம் திரும்பினால் ஊரே கேட்கும்படி அலறும் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார். காவல்துறை வரலாற்றில் இதைவிடச் சுலபமாக ஒரு திருட்டு வண்டி பிடிபட்டிருக்க முடியாது. சங்கத்தின் மண்டபம் இடப்பக்கம் இருந்தது. கார் வாசலில் திரும்பியதும் அலறியது. எதிர்ச்சாரியில் நின்ற காவலர் சாலையைக் கடந்து வந்து கண்ணாடியைப் படித்துவிட்டு, கதவைத் திறந்து இரண்டு பேரையும் கீழே இறங்கச் சொன்னார். வரவேற்கப் படியிறங்கி வந்த சங்கத் தலைவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"என் வண்டியை நானே திருடுவேனாய்யா? பின்னாடி எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாருங்க" என்றார் வள்ளல்.

"படிச்சேன் சார். அன்பளிப்புன்னு போட்டிருக்கு."

"ஆமா, நான் குடுத்த அன்பளிப்பு."

"குடுத்துட்டீங்க இல்ல?"

"குடுத்துட்டேன்."

"அப்ப இது யார் வண்டி?"

வள்ளல் திரும்பிப் பின்கண்ணாடியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் அவரிடம் யாருமே கேட்காத கேள்வி அது. மச்சான் அவர் காதருகே குனிந்து, "அத்தான், கஷ்டமான கேள்வியா இருக்கு. அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

காவலர் அக்காவுக்குப் போன் செய்து, அடையாளம் காட்ட வரச் சொன்னார். அக்காவுக்கு எழ மனம் வரவில்லை. தையல்காரம்மாதான் அவரைக் கிளப்பிவிட்டாள். "போய்ட்டு வாங்கக்கா. மூச்சு முட்டுறது எனக்கு. நீங்க எதுக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இன்னைக்கு எப்படியும் ஒரு மெஷின் கிடைச்சிரும். நாளை மறுநாளைக்கு என்ன வழின்னு பாத்துட்டு வாங்க."

அக்கா மண்டபத்துக்கு வந்து இறங்கியபோது கையில் தையல்காரம்மாவின் பை அப்படியே இருந்தது. படிகள் முழுக்கச் சங்க உறுப்பினர்கள். ஓரத்தில் புகைப்படக்காரர், எதைப் படம் எடுப்பது, எதை எடுக்கக்கூடாது என்று தெரியாமல் கேமராவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வள்ளல் ஓடிவந்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. இது யார் வண்டி?"

அக்கா என்ன சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? நானாக இருந்தால் அந்தப் படியிலேயே ஒரு பிரசங்கம் செய்து, அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். கைதட்டு எனக்குக் கிடைத்திருக்கும், வேன் கிடைத்திருக்காது. அக்கா காவலரிடம், இது விடுதி வண்டிதான், சார் பழைய ஞாபகத்தில் எடுத்து வந்துவிட்டார், புகார் வேண்டாம் என்றார். பிறகு சங்கத் தலைவரிடம் விழா முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் தொடங்கவில்லை என்றார் தலைவர்.

"அப்ப வாங்க சார், மேடைக்குப் போகலாம். நானும் ரெண்டு வார்த்தை பேசணும்."

வள்ளலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடை, மைக், மாலை நேரம் வரை நீளக்கூடிய பாராட்டு. அக்கா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு பேசினார்.

"இன்னைக்குக் காலைல இந்த வண்டிக்காக ஒருத்தி வாசல்ல நின்னா. வண்டி இங்க வந்திருச்சு. அவ தண்ணி கேன் வண்டியில போனா. இப்பவும் மெஷின் கிடைக்காம மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கா. இது அவ பை." பையை மேசைமேல் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சார் வேணும்னு செய்யல. ரெண்டாவது சாவி தன் பையில இருக்கறதை அவர் மறந்தே போயிட்டார். இப்ப ஞாபகம் வந்திருச்சு. உங்க எல்லார் முன்னாடியும் அதையும் எங்களுக்குக் குடுத்துட்டு, இந்த வண்டியை வித்து எங்களுக்குத் தேவையான வேனை வாங்கிக்கோங்கன்னு சொல்லப் போறார். குடுக்கறதுன்னா அது சார்கிட்டதான் கத்துக்கணும்."

அப்புறம் கைதட்டல்.

சாதாரணக் கைதட்டலா அது? குற்ற உணர்ச்சியில் தட்டும் கைகளுக்கு இருக்கும் வேகமே தனி. கூரை அதிர்ந்தது. வள்ளலைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கைதட்டல் காதில் விழுந்தால் அவர் கை தானாக நீளும். அதை அவராலேயே தடுக்க முடியாது. நீளும் கை சட்டைப் பைக்குள் போனது. சாவி வெளியே வந்தது. அக்காவின் உள்ளங்கைக்கு மேலே வந்து நின்றது. அங்கே நின்றதுதான், கீழே இறங்க மறுத்தது. விரல்கள் விடவில்லை. அக்கா அவசரப்படவில்லை, இத்தனை வருடம் ஊசி போட்டவருக்கு இறுகிய கை எப்போது தளரும் என்று தெரியாதா? புன்னகையோடு கையை நீட்டியபடியே நின்றார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்த மனைவியுடையது.

"விடுங்களேன்."

விட்டார். புகைப்படக்காரர் அதை மட்டும் படம் எடுத்தார்.

தையல்காரம்மாவுக்கு அன்று பொழுது சாய்ந்த பிறகு மெஷின் கிடைத்தது. அக்கா சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தபோது, படுத்தபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன சாமானுக்கா இவ்வளவு பாடு என்று கேட்டாளாம்.

பிறகு வேன் வந்தது. பழையதுதான், பெயின்ட்கூட அங்கங்கே உதிர்ந்தது. ஆனால் படி தாழ்வாக இருந்தது, சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பெரிய காரை வாங்கியவர் யார் தெரியுமா? அந்தப் புகைப்படக்காரர். தன் ஸ்டுடியோ வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார். வருகிறவர்கள் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. நகரவும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம், பார்த்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வள்ளல் பழக்கதோஷத்தில் விடுதிக்கு வந்துவிட்டார். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கைக்குட்டையை எடுத்தார், எதைத் துடைப்பது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கை சட்டைப் பையைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்திருக்கும்.

"ஏறுங்க சார். மெயின் ரோடு பஸ் ஸ்டாப்ல இறக்கி விடறோம்."

ஏறினார். பின்சீட்டில், மருந்துப் பைகளுக்கு நடுவே, முழங்காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கதவை மெதுவா சாத்துங்க சார்" என்றாள் அவள். "வண்டி கோவிச்சுக்கும்."

ஓட்டுநர் சிரிப்பை அடக்க முடியாமல் கியரை மாற்றினார். வெடுக்கென்றுதான் மாற்றினார். வேன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

வள்ளல் அன்றோடு திருந்திவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் புரியவில்லை. சங்கத்தில் இப்போது, விடுதிக்கு வேன் வேண்டும் என்று முதன்முதலில் தனக்குத்தான் தோன்றியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். சாவி அவர் கையில் இல்லை.

சரி, நீங்கள் சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது சிரமம் பாராமல் எழுந்து பரண்மேல் ஏறிப் பாருங்கள். ஒற்றைச் சக்கர சைக்கிள், பட்டன் தட்டினால் புகை வரும் மிக்சி, நாள் கடந்த மாத்திரை, வெள்ளம் வந்தால் யாருக்காவது உதவும் என்று கட்டிவைத்திருக்கும், நீங்களே உடுத்தக் கூசுகிற துணி மூட்டை. இவற்றுக்கெல்லாம் தர்மம் என்று பெயர் வைத்தவர் யார்? உங்கள் வீட்டு வேலைக்காரருக்குக் கொடுத்த பழைய போனை அவர் என்ன செய்தார் என்று போன வாரம் விசாரித்தீர்களே, எதற்கு? தம்பிக்குப் படிப்புக்கு உதவிவிட்டு, அவன் யாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தீர்களே, அது எந்தப் பூட்டின் சாவி?

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் பேசுங்கள்: "உங்களுக்கு என்ன வேணும்?" பேசிவிட்டு, பதில் முடியும் வரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கொடுத்தாயிற்றா? இப்போது சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். அங்கே ஏதோ கையில் தட்டுப்படுகிறது அல்லவா? அந்த இன்னொரு சாவியை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வாருங்கள்.